பெட்டியை மாற்றினால் வேகம் பிறக்குமா?

வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறது. ரூட்டர் என்றும், வை-ஃபை பெட்டி என்றும், சிலர் பழைய பழக்கத்தில் மோடம் என்றும் அதை அழைக்கிறோம். இந்தப் பெட்டியைப் பற்றி இன்று இரு கட்சிகள் உள்ளன. "இணைப்போடு சேர்ந்து வருவது மட்டமான சரக்கு, அதைக் கழற்றி வைத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டால் வேகம் இரட்டிப்பாகும்" என்பது ஒரு கட்சி. "அது எங்கள் வலையமைப்பின் ஓர் உறுப்பு, அதில் கை வைத்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சியில் கடைக்காரரும் விளம்பரம் எழுதுபவரும் இருக்கிறார்கள். இரண்டாவதில் நிறுவனத்தார் இருக்கிறார்கள். இடையில் நிற்பவர் நீங்கள். செலவாகும் பணமும் உங்களுடையது.

எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு தரப்பாரும் சொல்லும் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டும், உலகில் நடந்தேறிய சில நிகழ்ச்சிகளைக் கொண்டும் உரசிப் பார்ப்போம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்குமுன் இந்த உரைகல் பயன்படும்.

ஒரு பெட்டி, மூன்று வேலைகள்

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒளியிழை வழியாக இணைப்பு வரும் வீடுகளில் அந்த ஒரே பெட்டி மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்றுவது. "ஜிபான்" எனப்படும் பரவலான முறையில், நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி வருகிறது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு 1310 நானோமீட்டர் ஒளி செல்கிறது. அலைநீளங்கள் வேறுபடுவதால் தலைமயிர் போன்ற ஒரே இழையில் இரண்டும் எதிரெதிராகச் சென்றும் ஒன்றையொன்று குழப்புவதில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் இம்முறைக்குத் தரவரையறை வகுத்தது. வீட்டை நோக்கி வரும் மொத்த வேகம் விநாடிக்கு 2.488 கிகாபிட், வெளியே செல்லும் மொத்த வேகம் 1.244 கிகாபிட்.

இந்த வேகம் முழுவதும் உங்கள் ஒரு வீட்டுக்கே என்று எண்ணிவிட வேண்டாம். வழியில் ஒரு ஸ்பிளிட்டர் ஒளியைப் பங்கு போட்டு 32 அல்லது 64 வீடுகளுக்கு அனுப்புகிறது. ஒளியை ஒருமுறை பாதியாக்கினால் 3 டெசிபல் குறையும். 32 பங்காக்க ஐந்து முறை பாதியாக்க வேண்டும். ஆக 15 டெசிபல் போய்விடுகிறது. தூரத்தால் ஏற்படும் இழப்பு இதற்கு மேல். இவ்வளவும் போன பிறகு, சுமார் 2 மைக்ரோவாட் ஒளி வந்தால்கூடப் புரிந்துகொள்ளும் திறன் அந்தப் பெட்டிக்கு உண்டு. (அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், கழற்றிய இழையின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. மாணவர்கள் இதை நினைவில் கொள்க.)

இரண்டாவது வேலைதான் உண்மையில் ரூட்டரின் வேலை. வெளியுலகிலிருந்து வரும் செய்தித் துணுக்குகளை உங்கள் கைப்பேசிக்கு உரியது எது, பிள்ளையின் மடிக்கணினிக்கு உரியது எது, தொலைக்காட்சிக்கு உரியது எது என்று பிரித்து அனுப்புவது. வேண்டாதவற்றை வாசலிலேயே மறிப்பதும் இதன் பொறுப்பு. எனவே இது வீட்டின் வாயிற்காவலன்.

மூன்றாவது வேலை வானொலி வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் வீட்டுக்குள் ஒலிபரப்புவதும், சாதனங்கள் அனுப்புவதைக் கேட்டு வாங்குவதும் ஆகும். வை-ஃபை என்பது இதுதான்.

"பெட்டியை மாற்றுங்கள்" என்று யாரேனும் சொன்னால், "இந்த மூன்றில் எதை?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலோரிடம் விடை இராது. குழப்பத்தில் பாதி இங்குதான் தொடங்குகிறது.

வேகம் என்னும் முதற்கூற்று

ஏரி மதகிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வருகிறது. வயலருகில் மட்டும் வாய்க்காலை அகலமாக வெட்டினால் மதகில் வரும் தண்ணீர் கூடிவிடுமா? கூடாது. வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ, அதுவே தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கும். இணையமும் அப்படியே. ஆகவே வேகம் குறைந்தால், குறுகல் எங்கே என்று முதலில் தேட வேண்டும்.

குறுகல் நீங்கள் மாதக் கட்டணம் கட்டும் திட்டத்திலேயே இருக்கலாம். விநாடிக்கு 40 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுபவர் எத்தனை உயர்ந்த ரூட்டர் வாங்கினாலும் 40க்கு மேல் வராது. இது எல்லோருக்கும் தெரிந்ததே என்று தோன்றும். ஆனால் விளம்பரத்தில் கண்ட 3000 என்ற எண்ணை நம்பிப் பெட்டி வாங்குபவர் மறந்துவிடுவது இதைத்தான்.

குறுகல் பெட்டியின் பின்புறத்திலுள்ள கம்பித் துளையிலும் இருக்கலாம். மலிவான பெட்டிகள் சிலவற்றில் அத்துளைகள் விநாடிக்கு 100 மெகாபிட் வகையைச் சேர்ந்தவை. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கான பங்கு போக, ஏறத்தாழ 95 மெகாபிட்டுக்கு மேல் அதில் கிடைக்காது. உங்கள் திட்டம் 200 மெகாபிட்டாக இருந்து, லேன் வயரில் எப்பொழுது சோதித்தாலும் 94, 95 என்றே வந்து நின்றால், வயரும் கணினியும் கிகாபிட் வகையாக இருக்கும்பட்சத்தில் குற்றவாளி பெட்டியேதான். இங்கே மாற்றச் சொல்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, வை-ஃபையில் இருக்கும் குறுகல். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கொண்ட பழைய பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. இவ்வரிசையில் 1 முதல் 13 வரை தடங்கள் உண்டு. ஆனால் தடங்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒவ்வோர் ஒலிபரப்பும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். எனவே ஒன்றின்மேல் ஒன்று படாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று தடங்களே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டுப் பெட்டிகள் இந்த மூன்று தடங்களில் முண்டியடிக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது வை-ஃபையின் அடிப்படை விதி. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. இரண்டு ஆன்டெனாக்கள் கொண்ட பெட்டி இத்தகைய ஒரு தடத்தில் ஏட்டளவில் 144 மெகாபிட் தரும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. இத்தகைய வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்த பெட்டி வந்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

ஆகவே முதற்கட்சி சொல்வது முழுப் பொய்யன்று. சில வீடுகளில் உண்மையாக இருப்பதை எல்லா வீடுகளுக்கும் பொதுவாக்கியதே அதன் பிழை.

எட்டுக் கொம்பு முளைத்த பெட்டி

கடையில் சிலந்திபோல எட்டுக் கொம்புகள் நீட்டிய ரூட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். கொம்பு அதிகமானால் சக்தி அதிகம் என்று விற்பவர் சொல்வார். ஆற்றல் அழியா விதியைப் படித்த மாணவர் இதை ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும்.

ஆன்டெனா ஆற்றலை உற்பத்தி செய்வதில்லை. கொடுத்ததை ஒரு திசையில் கூட்டியும் மற்றொரு திசையில் குறைத்தும் பரப்புகிறது. மிதிவண்டி விளக்கின் பின்னே குழியாடி வைத்தால் முன்பக்கம் வெளிச்சம் கூடுகிறது, பின்பக்கம் இருட்டாகிறது. பல்பின் வாட் கூடியதா? இல்லை. "5 டெசிபல் ஆன்டெனா" என்று அட்டையில் எழுதியிருப்பது இத்தகைய குவிப்பையே குறிக்கும். நேராக நிற்கும் ஆன்டெனா கிடைமட்டத்தில் நன்றாகப் பரப்பும். தலைக்கு நேர்மேலே உள்ள மாடி அறைக்கு அதிலிருந்து குறைவாகவே போகும். பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் பல செய்தி ஓடைகளை அனுப்ப முடியும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கைப்பேசியில் இரண்டு ஆன்டெனாக்கள்தான் இருக்குமானால், ரூட்டரில் எட்டு இருந்தாலும் அந்தக் கைப்பேசிக்கு ஓடை இரண்டுதான். மீதிக் கொம்புகளால் அலைகளைச் சற்று ஒருமுகப்படுத்தலாம், அவ்வளவே.

இதைவிட முக்கியமானது மற்றொன்று. வை-ஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் எத்தனை உரக்கக் கத்தினாலும், கடைசி அறையிலுள்ள கைப்பேசி தன் சிறிய மின்கலத்தைக் கொண்டு முணுமுணுப்பதுதான் அதற்குக் கேட்க வேண்டும். முணுமுணுப்புக் கேட்காவிட்டால் பேச்சு நடக்காது. தவிர, ஒலிபரப்பும் ஆற்றலுக்குச் சட்டத்தில் மேல்வரம்பு உண்டு. விலையுயர்ந்த பெட்டியும் அதற்கு உட்பட்டதே.

இனிச் சுவர்களைப் பார்ப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அது 5 முதல் 6 செ.மீ. வரை. பொதுவாக, அதிர்வெண் கூடக் கூட, சுவர் அலையை அதிகமாக உறிஞ்சும். செங்கல் சுவர் ஒன்று சில டெசிபல்களை விழுங்கும். கம்பி கட்டிய காங்கிரீட் தளம் 10 டெசிபலுக்கும் மேலாக, அதாவது பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக விழுங்கிவிடும். இரும்பு பீரோவைக் கேட்கவே வேண்டாம். ஆகவே வேகத்துக்காக 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டி வாங்கியவர், கூடத்தில் பறக்கிறது, படுக்கையறையில் முன்னைவிட மோசம் என்று சொன்னால் அதில் வியப்பில்லை. பெட்டியைக் குற்றம் சொல்லவும் முடியாது. அது இயற்பியல்.

இழை எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது இணைப்புக் கொடுக்க வருபவரின் வழக்கம். தடையில்லாத வெளியில் தூரம் பாதியானால் வந்துசேரும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு சுவரையும் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது. எனவே தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெட்டியை வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுவருவது பல வீடுகளில் புதுப்பெட்டி செய்யக்கூடிய வேலையைச் செலவின்றிச் செய்துவிடும். இந்த யோசனையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்கு வியாபாரம் ஏது?

அட்டையில் கண்ட எண்

"ஏசி 1200", "ஏஎக்ஸ் 3000" என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஏசி 1200 என்பது எப்படி வந்தது? 2.4 வரிசையில் ஏட்டளவு வேகம் 300. 5 வரிசையில் 867. கூட்டினால் 1167, அதை முழுமையாக்கி 1200. ஏஎக்ஸ் 3000 என்பதும் 574உம் 2402உம் சேர்ந்த கூட்டுத்தொகைதான்.

கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் இணைந்திருக்கும். இரண்டையும் கூட்டிய எண் அதற்குக் கிடைப்பதே இல்லை. இரண்டு பேருந்துகளின் வேகத்தைக் கூட்டி, "எங்கள் நிறுவனப் பேருந்து மணிக்கு 120 கி.மீ. ஓடும்" என்று விளம்பரம் செய்தால் ஏற்றுக்கொள்வோமா? அச்சிடுபவர்கள் பொய் சொல்லவில்லை. கூட்டல் கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கூட்டல் வாங்குபவருக்கு எதையும் அறிவிப்பதில்லை. அறிவிக்காத எண்ணை அறிவியல் எண்போல அச்சிடுவது கண்டிக்கத்தக்கது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை, என் சொல்லையும்தான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் கடைப்பிடிக்கும் விதி இங்கும் பொருந்தும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக.

முதற்சோதனை: மடிக்கணினியைப் பெட்டியோடு லேன் வயரால் இணைத்து, வை-ஃபையை அணைத்துவிட்டு வேகத்தை அளவிடுங்கள். விடியற்காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை. இரண்டு நேரத்திலும் திட்டத்தின் வேகம் வந்தால் இழையும் நிறுவனமும் குற்றமற்றவை. காலையில் வந்து இரவில் விழுந்தால் நெரிசல் பெட்டிக்கு வெளியே உள்ளது. புதுப்பெட்டி அதைத் தீர்க்காது. புகார் செய்ய வேண்டிய இடம் நிறுவனமே.

இரண்டாம் சோதனை: வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று வை-ஃபையில் அளவிடுங்கள். 2.4, 5 இரண்டு வரிசைகளிலும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். வயரில் நல்ல வேகம் வந்து இங்கே விழுந்தால் பெட்டியின் வானொலிப் பகுதியோ உங்கள் சாதனமோ பழசு. வேறொரு கைப்பேசியைக் கொண்டு அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் சோதனை: அதே சாதனத்தோடு கடைசி அறைக்குச் செல்லுங்கள். பக்கத்தில் நன்றாக வந்து அங்கே மட்டும் விழுந்தால் குற்றம் சுவருடையது. பெட்டியை இடம் மாற்றுவது, அல்லது அந்த அறை வரை லேன் வயர் இழுத்து அங்கே ஒரு சிறு வை-ஃபை முனை வைப்பது, இவைதான் மருந்து.

இச்சோதனைகளுக்குச் செலவு ஒரு வயர் மட்டுமே. இவற்றைச் செய்யாமல் பெட்டி வாங்குவது நோயறியாமல் மருந்து குடிப்பதற்கு ஒப்பாகும்.

பாதுகாப்பு என்னும் இரண்டாம் கூற்று

வேகத்தைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. உங்கள் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள், வீட்டுக் காமிரா எல்லாம் அந்த வாயிற்காவலனைத் தாண்டித்தான் போய்வருகின்றன. "நிறுவனம் தந்த பெட்டி ஓட்டை, சொந்தப் பெட்டியே பாதுகாப்பு" என்கிறது முதற்கட்சி. வரலாறு என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு "மிராய்" என்ற தீநிரல் உலகைக் கலக்கியது. அது பெரிய தந்திரம் எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்ட காமிராக்களையும் ரூட்டர்களையும் தேடி, அறுபது சொச்சம் சேர்க்கைகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். திறந்தவை லட்சக்கணக்கில் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வீடுகளில் சுமார் 9 லட்சம் ரூட்டர்கள் நிலைகுலைந்தன. நிறுவனங்கள் தொலைவிலிருந்து பெட்டிகளைப் பராமரிப்பதற்கென வைத்திருக்கும் 7547 என்ற எண்ணுள்ள வாசலின் வழியே மிராயின் ஒரு வகை புக முயன்றது. அந்தப் பெட்டிகளில் அதனால் குடியேற முடியவில்லை. ஆனால் தட்டிய தட்டலிலேயே பெட்டிகள் மயங்கி விழுந்தன. ஒரே நிறுவனம் ஒரே மாதிரிப் பெட்டியை லட்சக்கணக்கில் மாட்டினால் ஒரு பலவீனம் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் பலிக்கும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

அப்படியானால் முதற்கட்சி வென்றதா? பொறுங்கள். 2018 மே மாதம் "விபிஎன்ஃபில்டர்" என்ற மற்றொரு தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தது. குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் சாதனங்களையாவது அது பிடித்திருந்தது. அதில் பெரும்பாலானவை மக்கள் கடையில் தம் பணத்தில் வாங்கிய, பெயர்பெற்ற நிறுவனங்களின் ரூட்டர்கள். பெட்டியை மறுதொடக்கம் செய்யுமாறு அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அவற்றைப் பிடிக்கக் காரணமாக இருந்தவை பெரும்பாலும் முன்பே அறியப்பட்ட ஓட்டைகள். அவற்றை அடைக்கும் புதிய மென்பொருளைப் பெட்டியில் யாரும் ஏற்றவில்லை.

டாய்ச்ச டெலிகாம் சில நாட்களில் திருத்திய மென்பொருளைத் தானே தொலைவிலிருந்து பெட்டிகளுக்கு அனுப்பியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வாசல் வழியே ஆபத்து வந்ததோ, அப்படிப்பட்ட வாசல் வழியேதான் பராமரிப்பும் வருகிறது. சொந்தப் பெட்டி வாங்கினால் அந்த வாசலை அடைத்துவிடலாம். ஆனால் பராமரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

ஆகவே "யாருடைய பெட்டி?" என்று கேட்பது சரியான கேள்வியன்று. "யார் அதைப் பராமரிக்கிறார்கள்? எத்தனை ஆண்டுக்கு?" என்பதே கேள்வி. வாங்கி மாட்டியபின் ஐந்தாண்டுகள் திரும்பியே பாராத சொந்தப் பெட்டியைவிட, ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் நிறுவனப் பெட்டி மேல். நிறுவனமும் புதுப்பிக்கவில்லை என்றால் அதை மாற்றுவது அறிவுடைமை. அட்டையில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள், "இந்தப் பெட்டிக்கு இந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம்" என்று ஒரு வரி போடுவதில்லையே, ஏன்?

ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு செய்தி. லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரூட்டருக்குள் பொதுவுரிமம் பெற்ற லினக்ஸ் மென்பொருள் இருப்பது தெரியவந்ததால், 2003இல் அதன் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் "ஓப்பன்டபிள்யூஆர்டி" என்ற திட்டம் பிறந்தது. தயாரித்தவர் கைவிட்ட பல பெட்டிகளுக்கு உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் இன்றும் அதன்மூலம் திருத்தங்கள் தந்துவருகிறார்கள். பழைய பெட்டியைக் குப்பையில் போடுமுன் அது இப்பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

உரிமை என்னும் மூன்றாம் கூற்று

"பெட்டி எங்கள் வலையமைப்பின் உறுப்பு" என்ற இரண்டாம் கட்சியின் வாதம் புதிதன்று, தொலைபேசி காலத்தது. அமெரிக்காவில் தொலைபேசியின் வாய்ப்பகுதியில் பொருத்தும் கிண்ணம் போன்ற ஒரு சாதனம் விற்பனையில் இருந்தது. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் மறைப்பது ஒன்றுதான் அதன் வேலை. அதையுங்கூடத் தொலைபேசி நிறுவனம் தடுத்தது. 1956இல் நீதிமன்றம் அத்தடையை ஏற்கவில்லை. 1968இல் "கார்ட்டர்போன்" என்ற, வானொலிப் பேச்சையும் தொலைபேசியையும் இணைக்கும் கருவியைப் பற்றிய வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் செய்தி பதியும் கருவிகளும், கணினி மோடங்களும் சாதாரண வீடுகளுக்கு வர இத்தீர்ப்பு வழிதிறந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இயற்றிய விதியில், தாம் விரும்பும் முனைக் கருவியைப் பயன்படுத்தும் உரிமை பயனருக்கு உண்டு என்று எழுதப்பட்டது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது: நிறுவனத்தின் வலையமைப்பு சுவரிலுள்ள இணைப்புமுனையோடு முடிகிறது, இணைப்புக்குத் தேவையான விவரங்களை வாடிக்கையாளர் கேளாமலே, கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2019இல் இயற்றிய ஒரு சட்டம், தாம் கொடுக்காத பெட்டிக்கு நிறுவனங்கள் வாடகை வசூலிப்பதைத் தடை செய்தது. அப்படியும் வசூலித்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து உங்களுக்கு விளங்கும்!

ஆனால் விமரிசனம் நேர்மையாக இருக்க வேண்டுமானால் நிறுவனத்தார் வாதத்தின் வலுவான பகுதியையும் சொல்லியாக வேண்டும். முன்பு கண்ட ஒளியிழை முறையில், வெளியே செல்லும் பாதையை 32 அல்லது 64 வீடுகள் நேரப் பங்கீட்டில் பயன்படுத்துகின்றன. தனக்குக் குறித்த மிகச் சிறிய நேரத் துணுக்கில் மட்டுமே ஒரு வீட்டுப் பெட்டி ஒளியை அனுப்பலாம். ஏதோ ஒரு பெட்டி கெட்டுப்போய் இடைவிடாமல் ஒளியைக் கொட்டினால் அந்த இழையிலுள்ள அத்தனை வீடுகளின் இணைப்பும் தடுமாறும். இது கற்பனையன்று, பொறியாளர்கள் அறிந்த கோளாறு. எனவே கண்ட முனையத்தையும் இழையில் செருக விடமாட்டோம் என்பதில் பொருள் இருக்கிறது.

ஆயினும் இந்த வாதம் பெட்டியின் முதல் வேலைக்கு மட்டுமே பொருந்தும். வீட்டுக்குள் செய்தியைப் பிரிப்பதும், வை-ஃபை ஒலிபரப்பும் பக்கத்து வீட்டு இழையைத் தொடுவதே இல்லை. முதல் வேலைக்கான நியாயத்தைக் காட்டி மூன்று வேலைகளையும் கைப்பற்றிக்கொள்வதுதான் இரண்டாம் கட்சியின் பிழை.

மாற்றுவது என்று முடிவு செய்தால்

சோதனைகள் பெட்டியையே குற்றவாளி என்று காட்டினால், அல்லது அதற்குப் புது மென்பொருள் வருவது நின்றுபோயிருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் பழைய பெட்டியைக் கழற்றி எறியாதீர்கள். இழை அதில்தான் முடிகிறது. அதன் வரிசை எண்ணை வைத்தே நிலையம் உங்களை அடையாளம் காண்கிறது. அதைப் பாலம்போல மட்டும் இயங்கும் "பிரிட்ஜ்" முறைக்கு மாற்றித் தருமாறு நிறுவனத்தைக் கேளுங்கள். அப்போது அது முதல் வேலையை மட்டும் செய்யும்; உங்கள் புது ரூட்டர் மற்ற இரண்டையும் ஏற்கும். இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் தரைவழித் தொலைபேசி இருந்தால், மாற்றத்துக்குப் பின் அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பிரிட்ஜ் முறை கிடைக்காவிட்டால், பழைய பெட்டியின் வை-ஃபையை அணைத்துவிட்டுப் புதியதை அதன் லேன் துளையில் வெறும் வை-ஃபை முனையாக இணைக்கலாம். வேகக் குறைக்கு இது போதும். வாயிற்காவலன் மட்டும் பழையவனாகவே இருப்பான் என்பது நினைவிருக்கட்டும்.

இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரம் வேண்டும். புதிது 10 வாட் எடுக்கிறது என்று கொண்டால், நாளெல்லாம் ஓடினால் மாதத்துக்கு 7 யூனிட்டுக்குச் சற்று மேல். மின்தடை நேரத்துக்கு மின்கலம் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்று அணைந்தாலும் இணைப்பு இல்லை.

மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இவற்றை இன்றே செய்யலாம்: பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அது வை-ஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. புது மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால், அணைக்க முடிந்தால் அணையுங்கள்.

தீர்ப்பு

கடைக்காரர் கட்சிக்கு: குறுகல் எங்கே என்று கேட்காமல் பெட்டியை விற்பது வைத்தியமன்று. கூட்டிச் சொன்ன எண்ணையும் கொம்புகளின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, ஒரு சாதனத்துக்கு உண்மையில் கிடைக்கும் வேகத்தையும் திருத்தம் கிடைக்கும் கடைசி ஆண்டையும் அட்டையில் அச்சிடட்டும்.

நிறுவனத்தார் கட்சிக்கு: இழை முனையம் உங்களுடையது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வீட்டுக்குள் நடப்பது வீட்டாருடையது. இணைப்பு விவரங்களைக் கேட்காமலே கொடுங்கள். பிரிட்ஜ் முறையைக் கேட்டால் மறுக்காமல் தாருங்கள். பெட்டிக்குக் கடைசியாக எப்போது திருத்தம் ஏற்றினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். திருத்தம் தர முடியாத பெட்டியைச் சுவரில் விட்டுவைக்கும் உரிமை உங்களுக்கில்லை.

உங்களுக்கு: வயரைச் செருகி முதற்சோதனையை இன்றிரவு 9 மணிக்குச் செய்து பாருங்கள். கிடைக்கும் எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், கடைக்காரரும் நிறுவனத்தாரும் உங்களிடம் பேசும் முறையே மாறும்.